காலைக் கழுவ வந்த மூப்பர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாது. ஒரு நாற்காலியை இங்கிருந்து தூக்கி அங்கே போட்டாலும் அதற்கு ஒரு படம் வேண்டும். படத்துக்குக் கீழே 'ஆண்டவருக்கே மகிமை' என்று எழுத வேண்டும். மகிமை ஆண்டவருக்கு என்றால் நடுவில் உன் மூஞ்சி எதற்கு? இப்படிக் கேட்டால் கோபம் வரும். கோபம் மட்டும் எங்கே போனாலும் குறைவில்லாமல் கிடைக்கிறது.

கிறிஸ்தவக் கோவில் ஒன்றில் படம் எதுவும் இல்லாமல் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். சாவிக்காரர் என்பார்கள். கதவு திறக்கிறது, பெஞ்சு துடைக்கிறது, ஒட்டடை அடிக்கிறது, கழிப்பறை கழுவுகிறது, மணி அடிக்கிறது, கிழிந்த பாட்டுப் புத்தகத்துக்குப் பசை தடவி அட்டை போடுகிறது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் வெள்ளை உடுப்போடு வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் அழுக்குப் படாமல் எழுந்து போவார்கள். தூசி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது.

வயது அறுபத்தேழு. யாரையும் சீக்கிரம் நம்ப மாட்டார். போதகர் ஜெபம் பண்ணும்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிற ஆள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து. அது முடிந்ததும் வெள்ளிக் கிண்ணத்தைக் கழுவுகிற வேலையும் அவருடையது. அதற்கு ஒரு முறை இருந்தது. ஆண்டவரின் இரத்தமாக எண்ணிப் பருகின ரசத்தின் மிச்சம் அதில் இருப்பதால், கிண்ணம் கழுவின தண்ணீர் சாக்கடையில் சேரக் கூடாது. கோவிலின் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு மண் சந்து ஒன்று உண்டு. அங்கே குந்தி உட்கார்ந்து, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, தண்ணீரை ஊற்றி, மண் அதைக் குடிக்கிறவரை இருந்து, பிறகு குழியை மூடிவிட்டு வர வேண்டும். அவர் வேலைக்கு வந்த புதிதில் இருந்த போதகர் சொல்லிக் கொடுத்தது. அவருக்குப் பிறகு ஐந்து போதகர்கள் வந்து போய்விட்டார்கள். கிண்ணத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காததை அவரும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு அவர் அப்படிக் குந்தியிருக்கும்போது மூப்பர் அந்தச் சந்துக்குள் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது, தேக்குத் துண்டு மாதிரி உடம்பு. சபை நிர்வாகத்தைப் பார்க்கிற மூப்பராகி இரண்டு வருஷம்தான். கைப்பேசியில் பேசுவதற்கு ஆள் இல்லாத இடம் தேடி வந்தவர், கண்ணால் பார்த்தது இதுதான்: கூலிக்கார ஆள் ஒருத்தன் சுவர் மறைவில் குழி பறித்து வைத்திருக்கிறான். கையில் கோவில் கிண்ணம்.

என்ன பண்ணுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உடைந்த பெஞ்சின் கால் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. கைக்கு அதுதான் முதலில் வந்தது, வாய்க்கு வார்த்தை வரவில்லை.

முதல் அடி தோளில். சாவிக்காரர் திரும்புவதற்குள் இரண்டாவது இறங்கியது. தடுக்கப் போன இடது கையில் இரண்டு விரல் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தது. மூன்றாவது வாயில். பல் ஒன்று மண்ணில் போய் விழுந்தது. கிண்ணம் தரையில் விழக் கூடாது என்பது முப்பத்தொரு வருஷப் பழக்கம். அதனால் அவர் அதை நெஞ்சோடு அணைத்து, அதன் மேல் சுருண்டு படுத்துக்கொண்டார். அந்த அணைப்புதான் மூப்பருக்குத் திருட்டுப் பிடியாகத் தெரிந்தது.

"விடுடா அதை. விடுன்னா விடு."

சொல்லிச் சொல்லி விலாவில் மிதித்தார். மிதிக்க மிதிக்கக் கிழவர் இன்னும் இறுக்கினார். பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற அக்கா, ஈரத் துணியைக் காயப்போட வந்தவள், பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில்தான் மிதி நின்றது. வாயில் இரத்தம் வழிய அவரைக் கோவில் நடுவழியாகத்தான் அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் சாவிக்காரர் திணறித் திணறிச் சொன்னதும் விஷயம் தெளிந்தது. போதகர் சின்ன வயசு, முப்பத்திரண்டு. அவருக்கே அன்றைக்குத்தான் இந்த முறை தெரிய வந்தது. மூப்பர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இப்படி ஒரு முறை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"வாயில அடிச்சா எதால சொல்றது?" என்றார் சாவிக்காரர். பல் போன ஓட்டை வழியாகக் காற்றும் இரத்தமும் வந்தது.

"கோவில் மேல இருக்கிற வைராக்கியத்துல கை நீண்டுருச்சு. மனசுல வெச்சுக்காத."

அத்தோடு முடிந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். அறைக்குள் இருந்த நாலு பேருக்கு முடிந்தது. வெளியே நின்ற நானூறு பேருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். கிண்ணத்தைத் திருடும்போது சாவிக்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டார், போதகர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்று கதை தெருத்தெருவாகப் போனது. அடுத்த ஞாயிறு அவர் பெஞ்சு வரிசையில் நடந்தபோது ஒரு பெண்பிள்ளை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குத் தொட்டிக்கு வெந்நீர் ஊற்றிக் கலந்து வைத்தவர் இவர்.

சாவிக்காரர் கட்டுப் போட்ட கையோடு மூப்பரின் மரக்கடைக்கே போனார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவன் திருடல, நான்தான் தெரியாம அடிச்சேன்னு. அது போதும்."

"நாலு பேர் மதிக்கிற ஆளுய்யா நான். மைக்கைப் பிடிச்சு நான் ஆளை அடிச்சேன்னு சொல்லச் சொல்றியா? பழம் வாங்கி அனுப்பினேனே, வந்துச்சா?"

"பழம் கடிக்கப் பல்லு வேணும்."

மூப்பர் ரம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு போதகருக்கு ஒரு யோசனை வந்தது. சின்ன வயசுக்காரர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. மறைவில் ஊழியம் செய்கிறவர்களுக்கு என்று ஒரு ஞாயிறு வைப்பது. கோவில் வேலை பார்க்கிற பன்னிரண்டு பேரை முன்னால் உட்கார வைத்து, சபைப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர், இயேசு சீஷர்களுக்குச் செய்த மாதிரி, முழங்கால் போட்டு அவர்கள் காலைக் கழுவுவது. சாவிக்காரரின் காலுக்கு மூப்பர்.

"இதைவிடப் பெரிய மன்னிப்பு உண்டா பெரியவரே?" என்று போதகர் கேட்டார்.

"உண்டு ஐயா. வாயால கேக்கிறது."

"குனியறதுதானே கஷ்டம்? அதையே செய்யறேங்கிறாரே."

"குனியறது லேசு. நான் தினமும் குனியறேன்."

வீட்டில் அவர் மனைவி கன்னத்தில் நகக்கீறலோடு உட்கார்ந்திருந்தாள். குழாயடியில் அன்று காலை ஒருத்தி 'திருடன் பொண்டாட்டிக்குத் தண்ணி எதுக்கு' என்று கேட்டுவிட்டாள். இவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அடிகுழாயில் இரண்டு மோது மோதியிருக்கிறாள். பிடுங்கின முடி கொஞ்சம் இன்னும் அவள் வளையலில் சிக்கியிருந்தது.

"நான் போகல," என்றார் சாவிக்காரர்.

"போங்க. காலைக் கழுவுறேன்னு வர்றவன் கழுவிட்டுப் போறான். உங்க காலுக்கும் தண்ணி பட்டு நாளாச்சு."

"விளையாடாத இவளே."

"யாரு விளையாடுறா? அறுபது வயசுல குழாயடியில கட்டிப் புரண்டுட்டு வந்திருக்கேன். நானூறு பேர் இருக்கிற இடம் அது ஒண்ணுதான். அங்க அவனைச் சொல்ல வைங்க. சொல்லாம காலை நீட்டிட்டு வந்தீங்கன்னா இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

அந்த ஞாயிறு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். போட்டதும் சாவிக்காரர்தான். தான் உட்காரப் போகிற நாற்காலியைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் இஸ்திரி அக்கா. மறு பக்கம் கழிவுத் தொட்டியை இறங்கி அள்ளுகிற ஆள். அவன் புதுச் செருப்புப் போட்டு வந்து, கழற்றச் சொன்னதும் முகம் சுண்டிப் போனான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரு சொம்பு, ஒரு வெள்ளைத் துண்டு. படம் எடுக்கிறவர் இரண்டு பேர்.

மூப்பர் வந்து முழங்கால் போட்டார். தண்ணீர் ஊற்றி இடது காலைக் கழுவினார். கேமரா பக்கம் முகம் தெரிகிற மாதிரி கொஞ்சம் சாய்ந்துகொண்டார். துண்டால் ஒற்றினார். வலது காலுக்குக் கை நீட்டும்போது சாவிக்காரர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சொல்லு," என்றார். முப்பத்தொரு வருஷத்தில் சபைப் பெரியவர் ஒருத்தரை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல்.

மூப்பர் சிரிப்பைக் கலைக்கவில்லை. பல்லுக்குள்ளே பேசினார். "காலை நீட்டுய்யா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க. சொல்லு."

"உன் காலைத் தொடுறேன்ல? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"நான் காலையா தொடச் சொன்னேன்?"

மூப்பர் குனிந்து நாற்காலிக்கு அடியில் கையை விட்டுக் கணுக்காலைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. துண்டு மறைவில் கால் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். மரம் புரட்டுகிற கை. ஏற்கெனவே இரண்டு விரலை அந்த மனிதனிடம் கொடுத்திருந்த சாவிக்காரருக்கு மூன்றாவதைக் கொடுக்க மனசு வரவில்லை. மடக்கின காலாலேயே உதைத்தார். குதிகால் மூப்பரின் மூக்கில் நேராக இறங்கியது. அந்தச் சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

தாம்பாளம் கவிழ்ந்து உருண்டது. மூப்பர் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். விரல் இடுக்கு வழியாக இரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பானது. முன்வரிசையிலிருந்து அவர் மச்சான் பாய்ந்து வந்தான். எருமைக் கழுத்து. சாவிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து நாற்காலியோடு தூக்கிக் கீழே எறிந்தான். எறிந்துவிட்டு, கட்டுப் போட்ட கை மேல் ஏறி நின்றான்.

"மூப்பரையே உதைக்கிறியா, திருட்டுக் கிழவா?"

இஸ்திரி அக்கா எழுந்தாள். அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்த பெரிய மனுஷன் இன்னும் ஒரு பாதத்தைப் பிடித்தபடி வாய் பிளந்திருந்தார். காலை உருவிக்கொண்டு, சொம்பை எடுத்து, மச்சானின் பின்மண்டையில் ஒன்று வைத்தாள். பித்தளை 'ணங்' என்றது. அவன் திரும்பினான். இன்னொன்று நெற்றியில். புருவம் கிழிந்து கண்ணில் இரத்தம் இறங்கியது. அவன் கண் தெரியாமல் விட்ட அறை, பிடித்து நிறுத்த வந்த போதகரின் காதில் விழுந்தது. கழிவுத் தொட்டி ஆள் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இரண்டு பேரும் தண்ணீரில் வழுக்கி, தாம்பாளங்களின் மேல் விழுந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு ஓடினார்கள். படம் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குள் மூப்பர் எழுந்துவிட்டார். மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கவிழ்ந்து கிடந்த நாற்காலியைத் தூக்கிச் சாவிக்காரரின் முதுகில் ஒன்று போட்டார். நாற்காலியின் சாய்மானம் உடைந்தது. கிழவர் சுருண்டார். மூப்பர் நாற்காலியை மறுபடியும் தலைக்கு மேல் தூக்கினார்.

சாவிக்காரர் தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கிண்ணம் இருந்துச்சு மூப்பரே. இன்னைக்கு என் கையில என்ன இருக்குன்னு அடிக்கிற?"

பெரிதாகக் கத்தவில்லை. ஆனால் தூக்கின நாற்காலியைப் பார்த்து மச்சானும் கழிவுத் தொட்டி ஆளும்கூடப் பிடியை விட்டிருந்தார்கள். உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மூப்பர் நாற்காலியை மேலேயே பிடித்திருந்தார். அவருடைய கண் கிழவரின் வெறும் கையைப் பார்த்தது. ஒடிந்து கூடாத இரண்டு விரல் கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து உள்ளே என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. மனுஷன் மனசுக்குள் நுழைந்து பார்த்த மாதிரி எழுதுகிறவர்களை நான் நம்புகிறதில்லை. நாற்காலியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"நான் இவரை அடிச்சேன்," என்றார். மூக்கில் இரத்தம் அடைத்து வார்த்தை கொழகொழத்தது. "ஆறு வாரத்துக்கு முன்னாடி, பின்னாடிச் சந்துல. கிண்ணத்தைத் திருடுறாருன்னு நெனச்சேன். அவர் திருடல. கிண்ணம் கழுவின தண்ணியை மண்ணுல ஊத்திக்கிட்டு இருந்தாரு. அப்படித்தான் செய்யணுமாம், எனக்குத் தெரியல. கேட்டிருக்கணும். கேக்காம அடிச்சேன். விரலை ஒடிச்சது நான், பல்லை ஒடிச்சது நான். அப்புறம் ஊரே அவரைத் திருடன்னுச்சு, நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

மறுபடியும் வாயைத் திறந்தார். இரத்தம் மைக்கின் மேல் சொட்டியது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் ஆறு வாரம், மூன்று எலும்பு, ஒரு நாற்காலி. கழிவுத் தொட்டி ஆளும் இஸ்திரி அக்காவும் சாவிக்காரரை ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நிற்க முடிந்தது. சரி, சொல்லிவிட்டான் என்று நினைத்தார். நினைத்து முடிக்கவில்லை.

பின்வரிசையில் ஒருத்தி விசும்பினாள். "எவ்வளவு தாழ்மை பாத்தியா," என்றாள். பக்கத்திலிருந்தவள், "இத்தனை பெரிய மனுஷன் இப்படி ஒத்துக்கிறதுன்னா சும்மாவா," என்றாள். யாரோ கை தட்டினார்கள். தட்டினது பரவியது. போதகர் ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆர்மோனியக்காரருக்குச் சைகை காட்டினார். பாட்டு எழுந்தது. ஓடிப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள். மூப்பரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஒருத்தர் தோளைத் தட்டினார், ஒருத்தர் கைக்குட்டை கொடுத்தார், ஒரு கிழவி அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கேமரா இரண்டும் அங்கேதான்.

சாவிக்காரரின் பக்கம் இரண்டே பேர். இஸ்திரி அக்கா பீடத் துணி ஒன்றைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினாள். தன் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த துணி.

"பாத்தீங்களாண்ணே," என்றாள். "உதை வாங்கினது நீங்க. தாழ்மை அவருக்காம்."

"இறுக்கிக் கட்டு," என்றார்.

போதகர் வந்தார். காது சிவந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. நல்ல பிள்ளைதான். "கேட்டது கிடைச்சுதே பெரியவரே. திருப்திதானே?"

"கிடைச்சுது ஐயா. யாருக்குக் கிடைச்சுதுன்னு அங்க பாருங்க."

போதகர் திரும்பிப் பார்த்தார்.

சாவிக்காரர் நடுவழியாக வாசலுக்கு நடந்தார். மடியில் பை வைத்திருந்த பெண்பிள்ளை எழுந்து, "தாத்தா, நான் தெரியாம" என்று ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனார். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஓடி வருகிற சத்தம். மூப்பர். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். யாரோ கொடுத்த கைக்குட்டை மூக்கில்.

"நீங்க," என்றார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "நீங்க உள்ள வந்து உக்காருங்க. டாக்டரைக் கூப்பிட்டிருக்கு."

"உங்களுக்குக் கூப்பிட்டிருப்பாங்க. உங்களைப் பாக்கட்டும்."

"அடுத்த வாரம் வருவீங்கள்ல? இல்லேன்னா யாரு..." உள்ளே தரையெல்லாம் தண்ணீரும் இரத்தமுமாகக் கிடந்தது. அவர் கண் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வந்தது.

"சாக்கு எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? தரை துடைக்கிற சாக்கு?"

மூப்பர் தெரியாது என்று தலையசைத்தார்.

"தேடிப் பாருங்க," என்றார் சாவிக்காரர். "கிடைச்சா துடைங்க. படம் எடுக்கிறவங்க போனப்புறம்."

"துடைக்கிறேன்."

சொன்ன விதத்தில் பொய் இருந்த மாதிரி தெரியவில்லை. நிஜம் இருந்த மாதிரியும் அடித்துச் சொல்ல முடியாது. இந்த வாரம் துடைப்பான். மூக்கு வலிக்கிறவரை துடைப்பான். மூக்கு ஆறின பிறகு வருகிற ஞாயிறு இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும்.

செருப்பு உள்ளே நாற்காலிக்கு அடியில் கிடந்தது. எடுக்கத் திரும்பவில்லை. படியிறங்கித் தெருவில் நடந்தார். கழுவின இடது காலில் புழுதி ஒட்டிச் சேறானது. வலது கால் எப்போதும் போல இருந்தது. பின்னால் பாட்டு அடுத்த அடிக்குப் போயிருந்தது.